செப்புத்தகட்டில் வெட்டிய வழக்கு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்தில் யான் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, காப்பியப் பகுதி ஒன்றை எடுத்து விரித்துரைப்பேன் என்றே கருதியிருப்பார்கள். தமிழ்ப் பண்டிதன் என்று பெயர் படைத்தவன் வேறு எதனைப் பேசுவான்? ஆயினும், இன்று யான் உங்கள்முன் கொணர்ந்திருப்பது ஒரு படம். மேசைமீது சார்த்தி வைத்திருப்பது அதன் பெரிதாக்கிய படி. மூலப்படமோ ஒரு சாண் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே உயரமும் உடையது. வட அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் 1770-ஆம் ஆண்டு செப்புத்தகட்டில் வெட்டி அச்சிடப்பெற்றது. ஒன்பது மனிதர் தூக்குமரத்துக்கு அஞ்சிச் சிறையில் கிடந்த காலத்தில், இப்படம் அந்நகரத்து வீட்டுச் சுவர்களில் தொங்கிற்று. ஆதலின், இதனைச் சித்திரக்கலை ஆராய்ச்சி என்று மட்டும் எண்ணி நீங்கள் கண்ணயர வேண்டா.

ஒரு படத்தைக் கண்டால், அதில் என்னென்ன இருக்கின்றன என்றே நாம் கேட்கின்றோம். எது எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. நம் சங்கத்து ஆண்டுவிழாவில் எடுக்கும் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் அமர்ந்தவர் யாவர், பின்னே நின்றவர் யாவர், சமுக்காளத்தில் கால் மடக்கி இருந்தவர் யாவர் என்பதைப் பார்த்தமாத்திரத்தில் ஊர்நிலை முழுதும் விளங்கிவிடுகிறது. படம் எடுக்குமுன் அந்நாற்காலிகளின் பொருட்டு நிகழும் மௌனப் போராட்டமும் நாம் அறியாததன்று. செய்யுளிலும் இவ்வாறே. சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தும், சொற்கள் நின்ற முறையை உணராத மாணாக்கனுக்குச் செய்யுள் விளங்குவதில்லை. அம்முறைக்குப் பொருள்கோள் என்று நம் இலக்கணிகள் தனியே பெயரிட்டு வகைப்படுத்தி வைத்தனர். படத்துக்கும் ஒரு பொருள்கோள் உண்டு என்பதையே இப்படத்தைக்கொண்டு காட்டப் புகுகின்றேன்.

முதலில் நிகழ்ச்சியைக் கூறுவேன். பாஸ்டன் அக்காலத்தில் இங்கிலாந்து மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட மாசச்சூசட்ஸ் குடியேற்ற நாட்டின் தலைநகர். ஏறத்தாழ 16,000 மக்கள் வாழ்ந்த துறைமுகப் பட்டினம். 1767-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தேயிலை, கண்ணாடி, காகிதம், ஈயம், சாயம் ஆகியவற்றின்மீது வரி விதித்தது. தம் பிரதிநிதி ஒருவரும் அமராத மன்றம் விதித்த வரியைத் தாம் செலுத்துவது எங்ஙனம் என்று மக்கள் எதிர்த்தனர். சுங்க அதிகாரிகளுக்குத் துணையாக 1768 அக்டோபரில் படை வந்திறங்கிற்று. சிப்பாய்கள் ஊர் நடுவே தங்கினர். தம் சிறு சம்பளம் போதாமையால் ஓய்வு வேளைகளில் ஊராருடைய கூலிவேலைக்கும் போட்டியாக வந்தனர். 1770 பிப்ரவரி 22-இல், சுங்கத் துறையினருக்கு வேண்டியவன் ஒருவன் தன் வீட்டைச் சூழ்ந்த கூட்டத்தை நோக்கிச் சுட, கிறிஸ்டோபர் சைடர் என்னும் சிறுவன் மாண்டான். மார்ச் 2-இல் கயிறு திரிக்கும் சாலையொன்றில் தொழிலாளர்க்கும் சிப்பாய்களுக்கும் பெரிய அடிதடி நிகழ்ந்தது. இவ்வாறு புகைந்துகொண்டிருந்தது நெருப்பாகப் பற்றிய நாள் மார்ச் 5. விந்தை யாதெனின், அதே நாளில் கடலுக்கு அப்பால் இலண்டனில், தேயிலை ஒழிந்த ஏனைய வரிகளை நீக்கலாம் என்று முதலமைச்சர் நார்த் பிரபு பாராளுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தார். அச்செய்தி கப்பலேறி வந்து சேர்வதற்குள் ஐவர் புதைக்கப்பட்டுவிட்டனர்.

அன்றிரவு கிங் வீதியில் பனி உறைந்து கிடந்தது. சுங்கமனைக்கு முன்னே ஹியூ ஒயிட் என்னும் சிப்பாய் ஒருவன் தனியே பாராக் காத்து நின்றான். தன்னிடம் வம்பு பேசிய வேலைப்பையன் ஒருவனை அவன் துப்பாக்கியால் அடித்தான். கூட்டம் சேர்ந்தது. கோயில் மணிகள் ஒலிக்கவே, எங்கோ தீப்பற்றியதெனக் கருதிப் பலர் ஓடிவந்தனர். தாமஸ் பிரெஸ்டன் என்னும் காப்டன் ஏழு பேரை அழைத்துக்கொண்டு பாராக்காரனை மீட்க வந்தார்; வந்தவர் திரும்பிச் செல்ல வழியின்றிச் சுங்கமனைச் சுவரோடு நெருக்கப்பட்டார். பனியுருண்டையும், பனிக்கட்டியும், சிப்பியோடும், தடியும் வந்து விழுந்தன. சுடுங்கள் பார்க்கலாம் என்று கூட்டத்தார் சிலர் அறைகூவினர். மாண்ட்கமரி என்னும் சிப்பாய் தடியால் அடிபட்டு வீழ்ந்தான், எழுந்தான், சுட்டான். சிறிது இடைவெளிக்குப் பின் மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டனர். மூவர் அவ்விடத்தேயும், பதினேழு வயதுடைய சாமுவேல் மேவரிக் என்னும் தொழில் பயில்வோன் மறுநாட் காலையிலும், பாட்ரிக் கார் என்னும் ஐரிஷ்காரர் மார்ச் 14-ஆம் நாளும் உயிர் நீத்தனர்.

யான் இப்பொழுது சொன்ன கதை, பின்னர் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாயிலாக வெளிப்பட்டது. சாட்சிகளோ ஒருவர்க்கொருவர் பல இடங்களில் மாறுபட்டனர். ‘சுடு’ என்ற சொல் காதில் விழுந்தது என்பார் பலர். அதனைச் சொன்னவர் யார் என்பதில்தான் அவர்கள் ஒன்றுபடவில்லை. இருளும், மணியோசையும், கூச்சலும் கூடிய நேரத்தில் அது நேரக்கூடியதே.

இனிப் படத்துக்கு வருவோம். இதனை வெட்டியவர் பால் ரிவியர். வெள்ளிவேலை செய்யும் கம்மியர். விடுதலை வேட்கையுடைய கட்சியைச் சேர்ந்தவர். நம் ஊர்ப் பொற்கொல்லர் வளையலிலே கொடியும் பூவும் செதுக்குவதைக் கண்டவர்க்கு இவ்வேலையின் தன்மை எளிதில் விளங்கும். மெருகிட்ட செப்புத்தகட்டில் கூரிய எஃகு உளியால் கோடு கோடாகப் பள்ளம் எடுப்பர். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளையிடையே செலுத்தினால் பள்ளத்திலுள்ள மை காகிதத்தில் ஏறும். படம் இடம் வலமாக மாறி விழுமாதலின், வலப்பக்கம் நிற்கவேண்டியவனை இடப்பக்கத்தில் வெட்டவேண்டும். எழுத்துக்களையும் தலைமாற்றி வெட்டவேண்டும். தீட்டுகோல் ஓடுவதுபோல உளி ஓடாது. ஒவ்வொரு கோடும் கையை வருத்தும். வெட்டியதை மாற்றுவதும் எளிதன்று. ஆகவே, செப்புத்தகட்டுப் படத்தில் தற்செயலாக வந்து நுழைந்தது என்று எதனையும் சொல்லுவதற்கில்லை.

படத்தின் வலப்பாதியைப் பாருங்கள். எழுவர் சிப்பாய்கள் தோளோடு தோள் இணைந்து ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனர். அவர்தம் துப்பாக்கிகள் ஏர்ச்சால்போல ஒன்றுக்கொன்று ஒத்துக் கிடைமட்டமாக நீண்டிருக்கின்றன. கால் வைத்திருக்கும் வகையும் ஒன்றே. அவர்களுக்குப் பின்னே, வலக்கோடியில், காப்டன் வாளை உயர்த்தி நிற்கிறார். இடப்பாதியில் அத்தகைய நேர்கோடு ஒன்றேனும் இல்லை. வளைவும், சாய்வும், சரிவுமே உள்ளன. மூவர் குருதி பெருகத் தரையிற் கிடக்கின்றனர். இருவரைச் சுற்றத்தார்போல் மற்றவர் தாங்கிப் பிடித்திருக்கின்றனர். கூட்டத்தின் நடுவே கையைக் கூப்பியவளாய் ஒரு பெண் தெரிகின்றாள். ஒருவர் கையிலும் தடி இல்லை. தரையிலும் ஒரு பனிக்கட்டி இல்லை. சொல்லப்போனால் பனியே இல்லை.

இவ்விரு பாதிகளின் இடையே புகை. செப்புத்தகட்டில் வெண்மை வேண்டுமாயின் அவ்விடத்தை வெட்டாமல் விடவேண்டும். ஆகவே, ஓரங்களில் சுருள் வரைந்து நடுவை வெறுமையாக விட்டிருக்கிறார். நெருக்கமான கோடுகள் நிறைந்த தகட்டில், வெறுமையான அவ்விடத்துக்கே கண் முதலிற் செல்லும். போதாதென்று, இருமருங்கும் உள்ள வீடுகளின் வரிசை உட்சென்று குறுகி நம் பார்வையை நடுவிடத்துக்கே இழுத்துச் செல்கின்றது. அக்கோடியில் நடுநாயகமாக நிற்பது நகரமாளிகை. குடியேற்ற நாட்டின் ஆலோசனைச் சபையும் மக்கட்பேரவையும் கூடிய இடம் அதுவே. அதன் கண்ணெதிரே இக்கொலை நிகழ்வதாகக் காண்கிறோம். மாளிகை அவ்வீதியின் மேற்குக் கோடியில் உண்மையாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. சுங்கமனை வடக்குப் புறத்தில், அதாவது மேற்கு நோக்கி நிற்பவனுக்கு வலப்புறத்தில் இருந்ததும் உண்மையே. இடங்களில் ரிவியர் பொய் சொல்லவில்லை. ஆனால், வீதியில் நின்று பார்ப்பதற்கு எத்தனையோ இடங்கள் இருந்தும், நீதியும் சட்டமும் கூடும் மாளிகை கொலைக்கு நேர்பின்னே வந்து நிற்குமாறு ஓரிடத்தைத் தெரிந்துகொண்டது அப்படத்தை அமைத்தவரின் கருத்து.

இப்பொழுது காப்டனைக் கவனியுங்கள். இப்படத்தின் முழுப் பொருளும் அவர் நிற்கும் இடத்தில் தங்கியிருக்கிறது. வரிசையின் பின்னே, வாள் ஓங்கி நிற்பவன் யார்? கட்டளையிடுபவன். அவன் கை உயர, எழுவர் துப்பாக்கியும் ஒருங்கே வெடிக்கின்றன. ஒரு வாள், ஒரு வரிசை, ஒரு புகைப்படலம். இம்மூன்றும் சேர்ந்து, இது கலகமன்று, தண்டனை நிறைவேற்றம் என்கின்றன. ஆனால் பிரெஸ்டன் நின்ற இடம் எது? ரிச்சர்ட் பாம்ஸ் என்னும் ஊர் வணிகர் ஒருவர். படையிடம் அன்புடையவர் அல்லர். காப்டனின் தோள்மேல் தாம் கைவைத்து, மக்களைச் சுடச் சொல்லப்போகிறீரா என்று கேட்டதாகவும், ஒருபோதும் இல்லை என்று அவர் விடையிறுத்ததாகவும், அவ்வேளையிலேயே முதல் துப்பாக்கி வெடித்ததாகவும் அவர் சாட்சி கூறினார். அப்பொழுது காப்டன் துப்பாக்கிகளுக்கு முன்னே நின்றார். தன் படையின் குண்டுகளுக்கு எதிரே நின்றுகொண்டு எவன் சுடச் சொல்லுவான்? படத்தில் அவரை முன்னிருந்து பின்னுக்கு நான்கு தப்படி நகர்த்தியிருக்கின்றனர். நகர்த்தவே, அச்சத்தால் நேர்ந்த செயல் ஆணையால் நேர்ந்த செயல் ஆகிவிட்டது. காப்டனின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையே இருந்த தூரம் அந்நான்கு தப்படியே.

வரிசையும் இவ்வாறே. சிப்பாய்கள் அரைவட்டமாக வளைந்து நின்றதாகச் சாட்சிகள் கூறினர். ரிவியரே வரைந்ததாகக் கருதப்படும் மைக்கோட்டு வரைபடம் ஒன்றும் உளது. இறந்தோர் வீழ்ந்த இடங்களைக் குறிப்பது. வழக்கின்பொருட்டு வரைந்ததாகலாம் என்பர். அதில் சிப்பாய்கள் நேர்கோட்டில் இல்லை, வளைந்தே நிற்கின்றனர். வளைந்து நிற்பவர் சூழப்பட்டவர். தம்மைக் காக்க நிற்பவர். நேராக நிற்பவர் தாக்க வந்தவர். கோட்டை வளைப்பதும் நிமிர்த்துவதும் உளிக்குச் சிறு வேலை. பார்ப்பவன் உள்ளத்திலோ அது குற்றவாளியையே மாற்றிவிடுகிறது. வெடிகளுக்கு இடையே இருந்த இடைவெளியும் படத்தில் ஒழிந்தது. காலத்தால் முன்பின்னாக நிகழ்ந்ததைப் படம் ஒரே கணத்தில் காட்டியே தீரவேண்டும் என்பது மெய்தான்; அக்குறையைத் தன் கட்சிக்கு நிறைவாக ஆக்கிக்கொண்டது ரிவியரின் திறமை.

இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். சுங்கமனையின்மேல் ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. ‘கசாப்புக்காரன் மண்டபம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. அத்தகைய பலகை அங்கே இருந்ததில்லை. அப்பலகைக்குக் கீழேயுள்ள சாளரத்திலிருந்து ஒரு துப்பாக்கி புகை கக்குகிறது. சுங்கத்தாரும் மறைந்திருந்து சுட்டனர் என்பது அதன் குறிப்பு. இக்குற்றத்தின்பேரில் நால்வர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பெற்று 1770 டிசம்பரில் விடுதலையும் பெற்றனர். படத்திலுள்ள துப்பாக்கி மட்டும் இன்றும் அச்சாளரத்தில் புகைந்துகொண்டே இருக்கிறது. இடப்பக்க மூலையில் பிறைநிலா உண்டு. ஆதலால் இரவு என்று அறிகிறோம். ஆயின் வண்ணம் தீட்டிய படிகளில் வானம் நீலமாக விளங்குகிறது. சிப்பாய்களின் செஞ்சட்டையும், வீழ்ந்தோரின் செங்குருதியும் ஒரே நிறமாய் எதிரெதிரே அமைந்து ஒன்றையொன்று சுட்டுகின்றன. இருளில் யார் எதைக் கண்டார் என்பதே வழக்கின் சிக்கலாக இருக்க, படத்தில் எல்லாம் பட்டப்பகல்போல் தெளிவாக உள்ளன.

பண்டிதனாகிய யான் இவ்விடத்தில் தற்குறிப்பேற்றத்தை நினையாமல் இருக்க இயலவில்லை. மதுரை மதிலின்மேல் கொடிகள் காற்றில் அசைந்தன. கோவலனை உள்ளே வரவேண்டா என்று அவை கைகாட்டியதாக இளங்கோவடிகள் தம் குறிப்பை அவற்றின்மேல் ஏற்றினார். கொடி அசைந்தது உண்மை, குறிப்பு கவியினுடையது. கற்போர் இரண்டையும் பிரித்தறிவர், அறிந்தே இன்புறுவர். ரிவியரின் பலகையும் அத்தகைய ஏற்றமே. ஆனால், காப்டனின் இடமும் சிப்பாய்களின் வரிசையும் அணி என்று தம்மை அறிவித்துக்கொள்ளவில்லை. அவை நிகழ்ச்சிபோலவே வந்து நிற்கின்றன. பலகையைக் கண்டு இது வசை என்று தெளிந்தவனும், வரிசையைக் கண்டு இது நடந்தது என்று நம்பிவிடுவான். யான் அஞ்சுவது இவ்விரண்டாவதையே.

படத்தின் அடியில் ஒரு நாய் இருக்கிறதே, அஃது ஏன் என்று மாணாக்கர் கட்டாயம் வினவுவர். மனிதர் மனிதரைக் கொல்லும் களத்தின் முன்னே, ஆரவாரம் தன்னைத் தொடாததுபோல் அது நிற்கின்றது. அதற்குப் பலர் பலவாறு உரை கூறுவர். யான் கொண்ட உரை எளியது: கலகம் நடக்கும் இடத்தில் நாய் இவ்வாறு நில்லாது. நாயும் அமைதியாக நின்ற தெருவில் சுட்டனர் என்று சொல்ல அது பயன்படுகிறது.

இவ்வமைப்பு ரிவியருக்கே உரியதுதானா என்றால், இல்லை. ஹென்றி பெல்ஹாம் என்னும் இளைஞர் இதனை முதலில் வரைந்தார். புகழ்பெற்ற ஓவியர் காப்லியின் தாய்வழித் தம்பி இவர். தாம் வரைந்ததை ரிவியரிடம் காட்டியிருந்தார். அவர் தம் படத்தை வெளியிடுமுன்னரே ரிவியரின் படம் மார்ச் மாத இறுதியில் விற்பனைக்கு வந்துவிட்டது. 200 படிகள் அச்சிட்டதாக ரிவியரின் கணக்கேடு கூறுகின்றது. வழிப்பறி செய்தவன் செயலுக்கு ஒப்பாகும் இது என்று மனம் நொந்து பெல்ஹாம் மார்ச் 29-இல் ரிவியருக்குக் கடிதம் எழுதினார். இருவர் படங்களையும் அருகருகே வைத்தால் ஆட்கள் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. பெல்ஹாம் நுண்ணிய கையர். ரிவியரின் உருவங்களோ மரப்பாவைபோல் விறைத்தவை. ஆயினும் ஊரில் நிலைத்தது விறைத்த படமே. விரைவில் வந்தது ஒரு காரணம். அவ்விறைப்பே சிப்பாய் வரிசைக்கு ஏற்ற நடையாய் அமைந்துவிட்டது என்பது மற்றொரு காரணமாகலாம். திருடப்பட்டது எது என்று எண்ணிப் பாருங்கள். முகங்களையல்ல, ஆட்களை நிறுத்திய முறையையே ரிவியர் எடுத்துக்கொண்டார். விலை போனதும் அதுவே.

படத்தின் கீழே பதினெட்டு வரிப் பாட்டும், மாண்டோர் ஐவர் பெயரும் வெட்டப்பட்டுள்ளன. சாமுவேல் கிரே, சாமுவேல் மேவரிக், ஜேம்ஸ் கால்டுவெல், கிறிஸ்பஸ் அட்டக்ஸ், பாட்ரிக் கார். இவர்களுள் ஐந்தாமவரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். கார் குண்டுபட்டபின் ஒன்பது நாள் உயிரோடிருந்தார். அவருக்கு மருத்துவம் செய்தவர் ஜான் ஜெஃப்ரீஸ். தம் அயர்லாந்து நாட்டில் படையினர் கலகத்தை அடக்கியதைக் கார் பன்முறை பார்த்தவர். சுடுமுன் இவ்வளவு பொறுத்துக்கொண்ட சிப்பாய்களைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், அவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளவே சுட்டனர் என்றும், தம்மைச் சுட்டவன் எவனாயினும் அவன்மேல் தமக்குப் பகையில்லை என்றும் அவர் மருத்துவரிடம் கூறினார். மருத்துவர் அதனை நீதிமன்றத்தில் உரைத்தார். படத்தின் அடியில் சாட்சியாக எழுதப்பெற்ற பெயருக்குரியவரே, படத்துக்கு மாறாகச் சாட்சி சொல்லிவிட்டு இறந்திருக்கிறார். செம்பு அவர் பெயரை ஏற்றது. அவர் சொல்லை ஏற்க அதில் இடமில்லை.

வழக்கை எடுத்து வாதிட முன்வந்தவர்கள், சிப்பாய்களின் பக்கத்தவர் அல்லர் என்பதை இளைஞர் மனங்கொள்ள வேண்டும். பின்னாளில் அமெரிக்க நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸும், ஜோசையா குவின்சி என்னும் இளைய வக்கீலும் விடுதலைக் கட்சியையே சார்ந்தவர்கள். நம் வீடுகளில் தொங்கும் படங்கள் கற்பனைக்குச் சிறகு கட்டிவிட்டன, ஆவேசத்தில் அறிவு பறிபோகும் நிலையில் இருக்கிறது என்னும் கருத்துப்பட, குவின்சி ஜூரிகளை எச்சரித்தார். ஒரு படத்தின் அமைப்பைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல் என்று அவரைச் சொல்லலாம். பிரெஸ்டன் அக்டோபரில் விடுதலை பெற்றார். சிப்பாய்கள் எண்மருள் அறுவர் டிசம்பர் 5-இல் விடுதலையாயினர். மாண்ட்கமரி, கில்ராய் இருவரும் கொல்லும் நோக்கமின்றி உயிர்க்கேடு விளைத்தவர்கள் எனத் தீர்ப்பாகிக் கட்டைவிரலில் சூடிடப்பெற்றனர். சிப்பாய்கள் வழக்கின் ஜூரிகளில் பாஸ்டன் நகரத்தவர் ஒருவரும் இல்லை. நகரத்தவர் அமர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யான் சொல்லேன்; அவர்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்கிற்று என்பதை மட்டும் சொன்னேன்.

இதனால் ரிவியரைப் பொய்யர் என்று தள்ளிவிடலாமோ எனின், ஆகாது. ஐவர் மாண்டது உண்மை. குடிமக்கள் நடுவே படையைக் கொணர்ந்து நிறுத்தினால் இத்தகைய நாள் ஒன்று வந்தே தீரும் என்பதும் உண்மை. அந்நிறுத்தத்துக்குப் பொறுப்பானவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். செம்பில் அவர்களை எங்கே நிறுத்துவது? ஆகவே, தொலைவிலுள்ள ஆணையை அருகிலுள்ள ஒரு வாளில் ஏற்றிக் காட்டினார் என்று அவருக்காக வாதிடலாம். யானும் அவ்வாறு வாதிட்டுப் பார்த்ததுண்டு. ஆயினும், அவ்வாள் பிரெஸ்டன் என்னும் உயிருள்ள மனிதர் ஒருவரின் கையில் இருந்தது; அவர் அப்பொழுது சிறையில் இருந்தார். அங்கே என் வாதம் நின்றுவிடுகிறது.

இனி, இப்படத்தில் இல்லாத ஒன்றைப்பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதலில் வீழ்ந்தவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். கப்பல் தொழிலாளி, ஆப்பிரிக்க மரபும் அமெரிக்கப் பழங்குடி மரபும் கலந்தவர், ஓங்கிய உடல் படைத்தவர். மார்பில் இரு குண்டுகள் பாய்ந்தன. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர் என்றும் கருதுவர். இவர் பெயர் படத்தின் அடியில் உண்டு. படத்தினுள் இன்னார் அட்டக்ஸ் என்று காட்டும் அடையாளம் இல்லை. கிடப்போரும் தாங்கப்பட்டோரும் எல்லோரும் ஒரே வகை நகரமாந்தராகவே தோன்றுகின்றனர். ஊர் முழுதும் ஒரே குடும்பம்போல் தோன்றவேண்டும் என்பது அமைப்பின் நோக்கம். அந்நோக்கத்துக்கு அவருடைய உருவம் இடையூறாயிற்றுப் போலும். வழக்கு மன்றத்தில் ஆடம்ஸோ இதற்கு நேர்மாறாக, வம்புச் சிறுவரும், கறுப்பரும், ஐரிஷ்காரரும், வேற்றூர்க் கப்பலாட்களும் சேர்ந்த கும்பல் என்று அக்கூட்டத்தைச் சித்திரித்து, அட்டக்ஸைக் கலகத்தின் தலைவனாக முன்னே நிறுத்தினார். பெருமைக்குரிய படத்தில் அவருக்கு இடமில்லை; பழிக்குரிய பேச்சில் முதலிடம். தம் முன்னோர் வரலாற்றில் எங்கே நிறுத்தப்பட்டனர் என்று கேட்டுப் பழகிய நம் போன்ற கூட்டத்தார்க்கு இது புதிய செய்தியன்று.

எண்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1856-இல், தென்மாநிலங்களில் அடிமைமுறை இன்னும் சட்டமாக இருந்த காலத்தில், அதே பாஸ்டனில் சாம்ப்னி என்பவர் வரைந்து பஃபர்டு என்பவர் கல்லச்சில் வெளியிட்ட படம் ஒன்று வந்தது. அதே வீதி; பின்னே அதே மாளிகை; அதே புகை. ஆனால் படத்தின் நட்டநடுவில் அட்டக்ஸ் நிற்கிறார். துப்பாக்கியைக் கையாற் பற்றியபடி குண்டேற்கின்றார். அவரைச் சுற்றியுள்ளோர் கையில் தடிகள் இருக்கின்றன. ரிவியர் மறைத்த தடிகளும், ரிவியர் மறைத்த மனிதரும் ஒருங்கே வெளிப்பட்டனர். அடிமைமுறையை எதிர்த்தோர்க்கு அடிபட்டு வீழ்ந்த ஏழைக் கூட்டம் பயன்படவில்லை. எதிர்த்து நின்ற ஒருவர் வேண்டியிருந்தார். ஆகவே அமைப்பு மாறிற்று. இதுவும் ஒரு கட்சியின் படமே என்பதை மறவாதீர்கள்.

நேரமாயிற்று. ஒன்றை மட்டும் சொல்லி அமர்கின்றேன். ரிவியரின் படத்தில் கோபுரத்து மணிக்கூண்டு ஒன்று உண்டு. முதலில் அச்சான படிகளில் அதன் முட்கள் எட்டு மணி அளவைக் காட்டின. நிகழ்ச்சி நடந்ததோ ஒன்பது மணிக்குச் சற்றுப்பின். யாரோ பிழையை எடுத்துக் காட்டினர் போலும். ரிவியர் தகட்டைத் திருத்தினார். பிந்திய படிகளில் மணி பத்தைக் கடந்து நிற்கின்றது. இங்கே மேசைமீது இருப்பது அப்பிந்திய படி. கூட்டம் முடிந்தபின் அருகே வந்து பாருங்கள்; முட்கள் மிகச் சிறியனவாதலின், கண்ணாடி அணிபவர்கள் அதனை அணிந்துகொண்டு வருதல் நலம்.